கிடைத்தது: ஒரு முகம்

மார்ச் 4, செவ்வாய்

பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்திலிருந்து இன்று ஒன்பது மூட்டை. கருத்தரங்கு ஏதோ நடந்திருக்கிறது. சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிப்பது என் வேலை. ஒன்றரை வருடம் ஆகியும் பழகவில்லை.

ஆஸ்பத்திரி விரிப்பில் என்ன இருந்தாலும் எனக்கு அருவருப்பு வருவதில்லை. நோயாளி என்ன செய்வார், பாவம். ஆனால் இந்தப் படித்தவர்கள்! மென்ற சூயிங்கத்தை மேஜை விரிப்பின் மடிப்பில் ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு துவாலையில் யாரோ செருப்பைத் துடைத்திருக்கிறார்கள். கைக்குட்டைக்குள் கடித்துத் துப்பிய எலும்பு. ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாதவர்களுக்கு எதற்குக் கருத்தரங்கு?

கிடைத்தவை: பேனா மூடி ஒன்று, ஒற்றைக் காதணி, பல் செட்டில் பாதி.

பாதி! மீதிப் பாதியோடு எப்படிப் பேசினார் அந்த மனிதர்?

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். துணிக்குள் எது கிடைத்தாலும் கழுவி, உறையில் போட்டு, சீட்டு எழுதி, வெளுத்த துணியின் மேல் ஊக்கால் குத்தி அனுப்ப வேண்டும். ‘கிடைத்தது: இன்னது. உங்களுடையது என்றால் எடுத்துக்கொள்ளவும். இல்லையென்றால் சீட்டோடு திருப்பி அனுப்பவும்.’ சீட்டு எழுதுவது நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 7, வெள்ளி

பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பேராசிரியை, ஓவியம் படிக்கிற ஒரு அக்கா, கேமராவோடு இரண்டு பேர். பேராசிரியையின் கண்ணாடி ஒரு மணிச்சங்கிலியில் தொங்கியது. அவர் தெருமுனை தாண்டி வருவதற்குள், என்னோடும் அம்மாவோடும் இதே கூடத்தில் வேலை செய்யும் சித்தி அவருக்கு ‘மணிச்சங்கிலி’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

மணிச்சங்கிலி எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லிப் பேசினார். “எங்க பல்கலைக்கழகத்துக்கும் உங்க தெருவுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு சுவர்தான். அந்தச் சுவரையே ஒரு பாலமா மாத்தப் போறோம்.”

சித்தி என் காதில், “சுவத்த பாலமாக்குறது இருக்கட்டும். மொதல்ல அந்தச் சாக்கடைக்கு ஒரு மூடி போடச் சொல்லுடி.”

அவர்கள் சொன்ன சுவர் எங்கள் கூடத்தின் பக்கச் சுவர். மூன்று ஆள் உயரம். அதில் இந்தத் தெருவின் உழைப்பை ஓவியமாக வரையப் போகிறார்களாம். ‘மக்களும் கலையும்’ என்று திட்டத்துக்குப் பெயர். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதித் துணி பல்கலைக்கழகத்திலிருந்துதான் வருகிறது, ஆட்டாமல் என்ன செய்வார்?

எல்லாரையும் படம் எடுத்தார்கள். என்னை மட்டும் ஏழெட்டுத் தடவை. “நிமிர்ந்து பாரும்மா. சிரி. சம்மதம்தானே?” நான் தலையாட்டினேன். ஒரு தாளை நீட்டினார்கள். அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு ஓவிய அக்கா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டாள். “இந்தச் சுவர்ல ஈரம் கீரம் பிரச்சினை உண்டா?”

உண்டு. அந்தச் சுவரின் அடியில் மூன்று இரும்பு ஜன்னல் இருக்கிறது. பாய்லர் ஓடினால் ஆவி முழுவதும் அது வழியாகத்தான் போகும். சுவர் குளித்தது மாதிரி நிற்கும். காரை உதிரும். பாய்லர் பழுதாகி மூன்று வாரமாக நின்றுகிடப்பதால்தான் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கிறது. பாய்லர் மாமா சாமான் வாங்க வெளியூர் போயிருந்தார். அம்மாவும் சித்தியும் உள்ளே போய்விட்டார்கள். தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே நின்றேன்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன்? மூன்று வார்த்தை. ‘பாய்லர் ஓடினா நனையும்.’ அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், சத்தம் வராது. சத்தம் வரும்வரைக்கும் நிற்கச் சொன்னார் டீச்சர். ஒரு நாள் கடைசி மணி வரைக்கும் நின்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் யாரும் கேட்கவும் இல்லை.

கூடத்தில் எனக்கு ‘வாயில்லாப்பூச்சி’ என்று பெயர். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 19, புதன்

நான்தான் அது.

சுவர் முழுக்க நான். மற்றவர்கள் எல்லாரும் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறார்கள். என் முகம் மட்டும் ஒரு லாரி அளவு. ஓவிய அக்கா சாரத்தில் உட்கார்ந்து என் மூக்கில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மூக்கு ஓட்டைக்குள் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம்.

பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன். நான் எப்போது அப்படிச் சிரித்தேன்? என் முன்பல் ஒன்று கோணல். சுவரில் நேராக இருக்கிறது. கேட்காமலே சரிபண்ணிவிட்டார்கள்.

இரண்டு கையாலும் ஒரு வெள்ளை விரிப்பை இறக்கை மாதிரி விரித்துப் பிடித்திருக்கிறேன். ஈர விரிப்பை ஒற்றை ஆள் அப்படிப் பிடித்தால் நுனி தரையில் புரளும். மறுபடி துவைக்க வேண்டும், சூட்டு ரோலரில் விரிப்பை விட்டுத் தேய்க்கிற அம்மாவிடம் திட்டும் வாங்க வேண்டும். எங்கள் கூடத்தில் ஒருத்தரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

கீழே பெரிய எழுத்தில்: ‘புன்னகைக்கும் கரங்கள்’. கரம் எப்படிப் புன்னகைக்கும் என்று கேட்க ஆளில்லை.

சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, “நம்ம வீட்ல சோத்துக்குக் கூட வாயத் திறக்காதவ, சுவத்துல எப்படி இளிச்சிக்கிட்டு நிக்கிறா பாரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பின்கதவு வழியாக வீட்டுக்குப் போனேன். இனி அந்த வழிதான்.

மார்ச் 28, வெள்ளி

திறப்பு விழா. துணைவேந்தர் வந்தார். தெருவில் பந்தல், நாற்காலி. எங்களுக்குப் பின்வரிசை. முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் யாருமே இந்தத் தெரு இல்லை.

“கல்வி நிலையம் ஒரு தீவாக இருக்கக் கூடாது” என்று துணைவேந்தர் பேசினார். பேசும்போது சாக்கடை நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டை.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு பூங்கொத்து, ஒரு படம், பல்லைக் காட்டு, இறங்கு. ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்கவில்லை. முதல் தடவையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்து இன்னும் கேவலமாக இருந்தது.

மார்ச் 31, திங்கள்

விழாவின் மேஜை விரிப்புகள் என்னிடமே வந்தன. பின்னே எங்கே போகும்? கேக்கின் கிரீம், காபிக் கறை, உதட்டுச் சாயம். ‘மக்களும் கலையும்’ என்று அச்சடித்த துணிப் பதாகையில் யாரோ கையைத் துடைத்திருக்கிறார்கள். ‘மக்கள்’ மேல் எண்ணெய்.

சூயிங்கம் நாலு.

ஏப்ரல் 2, புதன்

பாய்லர் ஓடுகிறது. மாமா வால்வைத் திறந்ததும் கூடமே ஒரு பெருமூச்சு விட்டது. சித்தி கைதட்டினாள். ஆவி மூன்று ஜன்னல் வழியாகவும் வெளியே போய், என் முகவாயைத் தொட்டு மேலே ஏறியது.

பார்த்துக்கொண்டே நின்றேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவதில் நான் என்ன கைதேர்ந்தவளா?

ஏப்ரல் 9, புதன்

முகவாயில் கொப்புளம். கீழுதட்டில் மூன்று. கழுத்துத் தோல் பாளம் பாளமாகத் தொங்குகிறது. ஏதோ நோய் வந்த மாதிரி இருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, அப்புறம் என்னைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே, “நம்ம சுவரு நனையும்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலியா?” என்றாள்.

நான் சோற்றைப் பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

மணிச்சங்கிலி வந்தார். ஓவியம் ஏதோ விருதுக்குத் தேர்வாகியிருக்கிறதாம். மே கடைசியில் நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்களாம். பல்கலைக்கழகப் புத்தகத்தின் அட்டையிலும் இதுதானாம். முதலாளியின் அறையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார், “அதுவரைக்கும் அந்த மூணு ஜன்னலையும் தகரம் வெச்சு அடைச்சிடலாம். ஆறு வாரம்தான்.”

பாய்லர் மாமா வாயைத் திறந்தார். “அம்மா, ஆவி எங்க போகும்?”

“வேற வழி ஏதாவது பண்ணிக்கலாமே.”

“வேற வழின்னா எங்க மூக்கு வழியாத்தான் போகணும்.”

முதலாளி, “நீங்க சும்மா இருங்க” என்று மாமாவை அடக்கினார். சித்தி முணுமுணுத்தாள். அம்மா, “உள்ள இருபத்திரண்டு பேர் நிக்கிறோங்க, வெந்து போயிடுவோம்” என்றாள். அம்மா முதலாளி அறையில் பேசி நான் பார்த்ததே இல்லை. மணிச்சங்கிலிக்கே கொஞ்சம் தடுமாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

“முகம் இவளோடது. இவளே சொல்லட்டுமே. உன் முகம் அழிஞ்சு போகட்டுமா, இல்ல காப்பாத்தணுமா? காப்பாத்தணும் இல்லையா?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காதில் ‘ஙொய்’ என்று சத்தம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, கடைசி மணி, எல்லாம் வந்து நின்றது.

தலையாட்டினேன். ஆமாம் என்று.

“பார்த்தீங்களா?” என்றார் மணிச்சங்கிலி.

அம்மா என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ரோலருக்குப் போய்விட்டாள்.

என் கழுத்தில் இருப்பது தலையா, கதவுக் கீலா? எவர் தள்ளினாலும் ஆடுகிறதே! சீ.

ஏப்ரல் 17, வியாழன்

தகரம் அடித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு நாலு ஆணி போதாது என்று எட்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

உள்ளே ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிறது. சுவரில் கை வைத்தால் வழுவழுவென்று வழுக்குகிறது. ஆஸ்பத்திரித் துணி நாற்றம், சோப்பு, வியர்வை எல்லாம் ஒன்றாக வெந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. மத்தியானம் சோற்றைத் திறந்தால் சோற்றிலும் அதே வாடை. மூடி வைத்துவிட்டேன்.

வெளியே என் முகம் உலர்ந்து, கொப்புளத்துக்கெல்லாம் புதுச் சாயம் பூசி, அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று மணிக்குச் சித்தி விழுந்துவிட்டாள். சும்மா, சத்தமே இல்லாமல், மடித்த விரிப்பு அடுக்கின் மேல் சாய்ந்த மாதிரி. விழும்போது முழங்கை ரோலரில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. மாமாவும் அம்மாவும் தூக்கி வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எங்கே? அந்தச் சுவரடியில்தான். அங்கேதான் நிழல்.

கண் விழித்ததும் சித்தி மேலே பார்த்தாள். லாரி அளவு என் பல்.

“மொதல்ல அந்த இளிப்ப நிறுத்துடி” என்றாள்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் பிரிக்கும் அறைக்குப் போய் அழுக்கு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுவதற்குக்கூடச் சுத்தமான இடம் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

என்னால் பேச முடியாது. சரி, முடியாது. ஆனால் ஒன்றரை வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்தோடு நான் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்? ‘கிடைத்தது: பேனா மூடி.’ அதை அவர்கள் வாசிக்கிறார்கள். சாமான் திரும்பிக் கிடைத்ததும் ‘நன்றி’ என்று எழுதி அனுப்பியவர்கள்கூட உண்டு.

விடுதிக்கு நாளை இருநூற்றுப் பன்னிரண்டு விரிப்பு போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தினேன். விருந்தினர் இல்லத்து மூட்டையிலும், நிர்வாக அலுவலக மேஜை விரிப்பிலும்.

‘கிடைத்தது: ஒரு முகம். சலவைக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. அது என்னுடையது. அது நனையாமல் இருப்பதற்காக ஆவி போகும் ஜன்னல்களை அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருபத்திரண்டு பேர் வேகிறோம். நேற்று என் சித்தி மயங்கி விழுந்தார். கேட்டபோது நான் தலையாட்டினேன். அது பொய். இந்த முகம் உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளவும். இல்லையென்றால் சீட்டோடு திருப்பி அனுப்பவும்.’

விரல் வீங்கிவிட்டது. எழுத்து கடைசிவரை கோணவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்று ஒரு சீட்டை எடுத்து வாசித்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக. வேலை போய்விடும் என்பாள் என்று நினைத்தேன்.

“ஊக்கு தீந்து போச்சுன்னா என் டப்பாவுல இருக்கு” என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

விடுதி அழுக்கு வந்தது. முதல் மூட்டையைப் பிரித்தேன். விரிப்பில் ஒரு சீட்டு. என் சீட்டுதான். பின்பக்கம்: ‘எங்களுடையது இல்லை. திருப்பி அனுப்புகிறோம்.’

அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். சித்தி முழங்கைக் கட்டோடு வந்து எண்ண உட்கார்ந்தாள். நூற்று நாற்பத்து மூன்று.

சிலர் பெயர் எழுதியிருந்தார்கள். சிலர் நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்களாம். ஒருத்தி, ‘அந்த முகத்துக்கு முன்னாடி நானும் படம் எடுத்தேன். அழிச்சிட்டேன்’ என்று. ஒருத்தன், ‘முகம் நல்லாத்தான் இருக்கு, நம்பர் கிடைக்குமா?’ என்று. தூ! அதை மட்டும் பாய்லரில் போட்டேன். மற்ற அறுபத்தொன்பது பேர் வாசித்தார்களோ, சீட்டில் சூயிங்கம் சுற்றித் துப்பினார்களோ தெரியாது.

மே 5, திங்கள்

மணிச்சங்கிலி வந்தார். முகம் சிவந்து வருவார் என்று நினைத்தேன். மலர்ந்து வந்தார்! கையில் நிர்வாக அலுவலகத்துக்குப் போன சீட்டு. ஓவிய அக்கா பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நேரே பிரிக்கும் அறைக்கே வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரித் துணிக்குள் முழங்கை வரைக்கும் இருந்தேன். சித்தி, அம்மா, மாமா எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் முதலாளி.

“எவ்வளவு அற்புதமான எதிர்வினை! மக்கள் கலையோட பேச ஆரம்பிச்சுட்டாங்க. இந்தச் சீட்டு எல்லாத்தையும் சட்டம் போட்டு, ஓவியத்துக்குப் பக்கத்துலயே காட்சிக்கு வைக்கலாம். நடுவர்கள் அசந்து போயிடுவாங்க. உனக்குச் சம்மதம்தானே?”

சித்தி மயங்கி விழுந்தது அந்தச் சீட்டில் இருக்கிறது. அதற்குச் சட்டம் போடப் போகிறாராம்!

எனக்குள் என்னவோ புரண்டு மேலே வந்தது. வாந்தி என்றுதான் நினைத்தேன். வாயைப் பொத்தப் போனேன், கையெல்லாம் அழுக்கு, பொத்த முடியவில்லை.

“இல்ல” என்றேன்.

என் குரல் அவ்வளவு கட்டையாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

“என்னம்மா?”

“சம்மதம் இல்ல. ஜன்னலத் திறக்கணும்.”

“ஆவி பட்டா உன் முகம் போயிடுமேம்மா.”

“போகட்டும். என் மூஞ்சிதானே.”

கூரை சொட்டியது. மணிச்சங்கிலி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கைபேசியில் எதையோ மும்முரமாகத் தேடினார். பாய்லர் மாமா ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரொம்ப நாளாக அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்திருப்பார் போல. ஒவ்வொரு ஆணியைப் பிடுங்கும் சத்தமும் உள்ளே கேட்டது. மூன்று ஜன்னலுக்கு இருபத்து நாலு.

அவர்கள் போன பிறகு அழுக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தி எட்டிப் பார்த்தாள். “வாயில்லாப்பூச்சிக்குக் கொடுக்கு இருக்கேடி!”

மே 14, புதன்

விருந்தினர் இல்லத்துத் துணி இனி நமக்கு இல்லையாம். வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விடுதித் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் இருக்கிறது. முதலாளி மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. அம்மாவுக்கு உள்ளுக்குள் பயம், காட்டிக்கொள்ளவில்லை. எனக்கும்தான்.

சீட்டோடு திரும்பி வந்த பாதிப் பல் செட்டு மட்டும் யாரும் கேட்காமல் அலமாரியில் கிடக்கிறது.

மே 22, வியாழன்

ஓவிய அக்கா தனியாக வந்தாள். கேமரா இல்லை. சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கன்னம் போய்விட்டது, பல் வரிசை பாதி போய்விட்டது, விரிப்பைப் பிடித்த கைகள் இன்னும் இருந்தன.

“விரிப்ப அப்படிப் பிடிக்க மாட்டீங்க, இல்ல?” என்று கேட்டாள்.

“மாட்டோம். புரளும்.”

“நான் கேட்டிருக்கணும்.”

“ஈரம் இருக்கான்னு கேட்டீங்களே. நான்தான் பொய் சொன்னேன்.”

இரண்டு பேரும் என் காதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மேல் எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. என் மேலும் போகவில்லை.

மே 30, வெள்ளி

நடுவர்கள் வரவில்லை. வேறு எங்கோ வேறு சுவர் பார்த்துக்கொண்டார்களாம். அந்தச் சுவருக்குப் பின்னால் யார் வேகிறார்களோ.

காலையில் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன். அம்மா சுவரடியில் உதிர்ந்து கிடந்த சாயத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டாள். “ஏய், உன் மூக்கு முறத்துல கிடக்குடி. குப்பையில கொட்டிரவா?”

தண்ணீர் பிடிக்க நின்றவர்கள், கடைக்காரர், சைக்கிளில் போன இரண்டு பேர், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கொட்டும்மா!” என்று கத்தினேன்.

இன்று பதினோரு மூட்டை. கிடைத்தவை: சாவி ஒன்று, பொத்தான் இரண்டு.